தண்ணி ஊசி போட்ட முயல்கள்

டாக்டர்: கூண்டெல்லாம் அப்புறம் கழுவிக்கலாம்ண்ணே. உக்காருங்க.

முயல்காரர்: முயலே இல்லாத கூண்டு... கழுவுனா என்ன, கழுவாட்டி என்ன. கை சும்மா இருக்க மாட்டேங்குது டாக்டரம்மா.

டாக்டர்: நாளைக்கு இந்த ரூம்ல பழைய ஃபைல கொண்டுவந்து போடப் போறாங்களாம்.

முயல்காரர்: ஃபைலுக்குப் புல்லு போட வேணாம். நிம்மதி.

டாக்டர்: கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

முயல்காரர்: அது என்ன காகிதம்? காலையில இருந்து கையிலயே வச்சிருக்கீங்க.

டாக்டர்: கடைசி அறிக்கை. சிரங்குக்கு நாம பண்ணுன தடுப்பூசி வேலை செய்யலன்னு. நான் கையெழுத்துப் போட்டா டைரக்டர் கைக்குப் போயிடும். ஆறு வருஷ வேலைக்கு மூடுவிழா.

முயல்காரர்: போட்டுட்டீங்களா?

டாக்டர்: பேனா எழுத மாட்டேங்குது.

முயல்காரர்: பேனாவா...

டாக்டர்: சரி, எனக்குத்தான் கை வரல. விடுதி வார்டன் வேற போன் பண்ணாங்க. மறுபடியும் பதினாலு பிள்ளைங்களுக்குச் சிரங்காம். களிம்பு தடவுனா போகுது, ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடுது. ஊசி எப்போ வரும்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

முயல்காரர்: வேலை செய்யலன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

டாக்டர்: பத்து முயலுக்குத் தடுப்பூசி. பத்துக்கு வெறும் தண்ணி ஊசி. அப்புறம் இருபது மேலயும் சிரங்குப் பூச்சிய விட்டோம். கடைசியில பாத்தா அந்தப் பக்கம் மூணுக்குச் சிரங்கு, இந்தப் பக்கமும் மூணுக்குத்தான். ஊசிக்கும் தண்ணிக்கும் வித்தியாசமே இல்ல.

முயல்காரர்: எதுக்கு எந்த ஊசின்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.

டாக்டர்: சொல்லக் கூடாது. அதான் முறை.

முயல்காரர்: மந்திரிக்கு என்ன ஊசி?

டாக்டர்: எந்த மந்திரி?

முயல்காரர்: ஏழாம் நம்பருங்க.

டாக்டர்: பேரு வைக்காதீங்கன்னு எத்தனை தடவ... தண்ணிதான்.

முயல்காரர்: பதிமூணு?

டாக்டர்: தண்ணி.

முயல்காரர்: பதினெட்டு?

டாக்டர்: அதுவும் தண்ணிதான். எதுக்குக் கேக்குறீங்க?

முயல்காரர்: அதுங்கதான் ரொம்பச் சொறிஞ்சுதுங்க. காதுல ரத்தம் வர்ற அளவுக்கு. தீனியே எடுக்கல. பாக்க முடியல டாக்டரம்மா... விடுதிக்குக் குடுக்கன்னு அலமாரில களிம்பு வச்சிருந்தீங்கல்ல...

டாக்டர்: தடவுனீங்களா?

முயல்காரர்: ஏழு முயலுக்கு. இந்த மூணு, அப்புறம் ரெண்டு, ஒம்பது, பதினொண்ணு, பதினாறு. நீங்க வீட்டுக்குக் கிளம்புனதும், தினம் சாயங்காலம். எதுக்கு என்ன ஊசின்னு சத்தியமா தெரியாது. எது துடிச்சுதோ அதுக்குத் தடவுனேன்.

டாக்டர்: துடிச்சதெல்லாம் தண்ணி ஊசி போட்டது.

முயல்காரர்: அப்போ... உங்க ஊசி வேலை செஞ்சிருக்கு!

டாக்டர்: செஞ்சிருக்கும் போலதான்.

முயல்காரர்: அடப்பாவி, நான்ல கெடுத்துட்டேன்! அந்தப் பதினாலு பிள்ளைங்க... கிழிச்சுப் போடுங்க அந்தக் காகிதத்த. நடந்தத எழுதுங்க. என் வேலை போனாப் போகட்டும். திட்டுங்கம்மா. ரெண்டு அறையாவது குடுங்க.

டாக்டர்: உங்களத் திட்ட எனக்கு யோக்கியத இல்லண்ணே. எழுதுறேன். ஆனா மொதல்ல என் பேரு, அப்புறந்தான் உங்க பேரு. ஏழாம் நம்பரத் தூக்குனப்போ களிம்பு வாசனை அடிச்சுது. மூணாவது வாரமே எனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்லியிருந்தா அதுங்கள ஒதுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கலாம். இனிமே நமக்கு ஒத்த முயல் கூட யாரும் தர மாட்டாங்க... வாயத் திறக்கல. பக்கத்து ரூம்ல உக்காந்து, அதுங்க கூண்டுல சொறியிற சத்தம் இல்லாம அன்னைக்குத்தாண்ணே நான் நிம்மதியா சாப்பிட்டேன்.