பத்து விரல் அறக்கட்டளை

அட, எந்திரிக்காத பிரகாஷு. கட்டுப் போட்ட கைய தலகாணி மேலயே வெச்சுக்க. நான் சுடலைமுத்து, ட்ரஸ்ட்லருந்து வரேன். டாக்டர்தான் ஆரஞ்சு குடுத்து, பயலப் பாத்துட்டு வான்னு அனுப்புனாரு. என்னது, பாக்கெட்டுலருந்து கையவே எடுக்க மாட்டேங்கறனா? ஓசூர்க் குளுரு தம்பி.

ஜெகதீஷ் டாக்டரச் சாதாரண ஆளுன்னு நெனச்சியா? மொதல்ல பஸ் ஸ்டாண்டு பின்னாடி தகரக் கூரையில காய்ச்சலுக்கு ஊசி போட்டுட்டு இருந்தவரு. கன்னடக்காரங்களுக்குக் கன்னடம், தெலுங்குக்காரங்களுக்குத் தெலுங்கு, ஊசி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்புறம் சிப்காட்டுல இரும்புத் தகட்ட அமுக்கி வெட்டற பிரஸ் கம்பெனிங்க பெருகுச்சா, வாரத்துக்கு ஒரு வெரலாவது துண்டாகி வரும். மொதலாளிங்க கூப்ட்டு கம்பெனி டாக்டராக்குனாங்க. வெரலப் பாத்துப் பாத்து மனுசனுக்கு மனசு உருகிடுச்சு, ட்ரஸ்ட் ஆரம்பிச்சுட்டாரு. ட்ரஸ்டிங்க யாரா? அதே மொதலாளிங்கதான். வேற யாருக்கு நம்ம வெரல் மேல அவ்ளோ அக்கற?

இப்ப ஊசியத் தொடறதே இல்ல, மைக்கத்தான் புடிக்கறாரு. பெங்களூர்ல அவார்டு, டி.வி.ல பேட்டி. வருசா வருசம் விழா வெச்சு ரப்பர் வெரல் மாட்டி விடுவாரு. அசல் வெரல் கெட்டுது போ. போட்டோ புடிச்சதும் கழட்டி வாங்கிப்போம். அடுத்த வருசத்துக்கு வேணுமில்ல?

சாயங்காலம் லேபர் ஆபீசர் வருவாரு. வெரல் எப்படிப் போச்சுன்னு கேப்பாரு. வீட்ல கரும்பாட்டற மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. ஆமாப்பா, பிரஸ்லதான் போச்சு, எனக்குத் தெரியாதா? அப்படிச் சொன்னா ஆயுசு பூரா பென்சன் வரும், வாஸ்தவம். ஆனா கம்பெனி மேல கேசாகும், டாக்டர் மனசு புண்படும். கரும்புன்னு சொன்னீன்னா விழாவுல தையல் மிஷின் தருவாரு. அத ஓட்ட வெரலுக்கு எங்க போறதா? அதெல்லாம் அங்க யாரும் கேக்கறதில்ல.

என்னது? உங்க வேப்பனப்பள்ளியில மாந்தோப்புதானா, கரும்பே இல்லையா? அதனால என்ன? எங்க தேரிக்காட்டுல பனையும் முள்ளும் தவிர என்ன இருந்துச்சு? நானும் கரும்பு மிஷின்னுதான சொன்னேன். ஆபீசர் தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

சரி, ஆரஞ்சு சாப்பிடு. இரு, கைய வெளிய எடுக்கறேன், பயந்துராத. கட்டவெரலும் சுண்டுவெரலும்தான் மிச்சம். நீ நல்ல கையில அமுக்கிப் புடி, நான் உரிக்கறேன். பென்சன்னு ஒண்ணு இருக்குன்னு அன்னைக்கு எனக்கு ஒருத்தனும் சொல்லல தம்பி. உனக்குச் சொல்லிட்டேன்.