முடியாத கட்டடத்தின் செயலாளர்

மழலையர் பள்ளி நாற்காலியில் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதலில் வலிப்பது முழங்கால் இல்லை, மானம். எங்கள் சங்கத்தின் முதல் கூட்டம் அப்படித்தான் நடந்தது, மேடம். நாற்பத்திரண்டு வீடுகளை வாங்கியவர்கள், ஆளுக்கொரு மஞ்சள் நாற்காலியில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தோம். சுவரில் குடை பிடித்த யானை ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. யாராவது கோபத்தில் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. அதனால் பேச்சு நாகரிகமாகவே போனது.

வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வரிசை முக்கியம். குடிநீர் அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே என்னை ‘பைல்’ என்பார்கள். மேலதிகாரி “அந்த பைலைக் கூப்பிடு” என்றால் நானும் போவேன், பைலையும் எடுத்துக்கொண்டு போவேன். பெரும்பாலும் அவருக்குத் தேவைப்பட்டது மற்றதுதான்.

ஓய்வு பெற்றதும் வீடு வாங்க நினைத்தோம். கட்டி முடித்த வீடு எங்கள் கைக்கு எட்டவில்லை, கட்டப்போகிற வீடு எட்டியது. விற்பனை அலுவலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது மாடிக் கட்டடம் முழங்கால் உயரத்தில் நின்றது. பஞ்சில் செய்த மரங்கள், விரல் நீளக் கார்கள். என் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்ததில் அவள் மூச்சில் அங்கே ஒரு வட்டம் ஆவி படிந்துவிட்டது.

“நம்ம வீடு எதும்மா?”

விற்பனைப் பெண் நான்காவது மாடியில் விரல் வைத்தாள். “இதுதாம்மா. கிழக்குப் பார்த்த பால்கனி.”

“இந்தக் குட்டி மரம் நம்ம ஜன்னலுக்கு நேரா வருமா?”

“வரும்மா.”

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பெட்டிக்குள் அது நேராகத்தான் வந்தது.

ஒப்பந்தத்தை நான் முழுதாகப் படித்தேன். நாற்பத்திரண்டு பேரில் படித்தவன் நான் ஒருவன்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில், தவிர்க்க முடியாத காரணங்களால் ஒப்படைக்கும் தேதி மாறலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. காரணம் எது, எவ்வளவு மாறலாம் என்று எங்கும் இல்லை. மனைவியிடம் காட்டினேன். “எல்லாத்துலயும் அப்படித்தான் போடுவாங்க, கையெழுத்தைப் போடுங்க” என்றாள். போட்டேன். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

ஏழாவது மாடிவரை கட்டடம் ஒழுங்காக வளர்ந்தது. பிறகு ஒரு வாரம் சிமென்ட் கலக்கும் இயந்திரத்தைக் காணவில்லை. அடுத்த வாரம் சாரத்தைக் காணவில்லை. அதற்கடுத்த வாரம் பில்டரையே காணவில்லை. விற்பனை அலுவலகம் செல்போன் கடையாகிவிட்டது. நாங்கள் கடன் தவணை ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம் என்று கட்டிக்கொண்டே மழலையர் பள்ளிக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் கூட்டத்தில் யாரோ, “பேசறதை யாராவது எழுதிக்குங்கப்பா” என்றார்கள். எங்களில் ஒரு பஸ் டிரைவர் உண்டு. குரலுக்காக அவரை ஹாரன் என்போம். அவர் சொன்னார்: “சார்கிட்ட பேனா இருக்கு. சாரே செயலாளரா இருக்கட்டும்.” எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அறுபத்தொரு வயது. எனக்காக ஆட்கள் கை தட்டியது அதுதான் முதல் தடவை. மஞ்சள் நாற்காலியிலிருந்து தட்டினாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

நான் நன்றாகவே செய்தேன், மேடம். லெட்டர்பேட் அடித்தேன். ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன். ஞாயிறுதோறும் கூட்டம், வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம். எந்த அலுவலகத்துக்கு என்ன மனு, எந்தத் தேதியில், யார் வாங்கினார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உறுப்பினர்கள் என்னிடம் வீட்டு விஷயங்களைக்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் மகளுக்கு எந்தப் படிப்பு நல்லது என்று கேட்டார். தையல்காரம்மா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவர் வாட்ச் ரிப்பேர் செய்தவர், பார்வை மங்கியதால் தொழிலை விட்டவர். தமாஷான மனிதர். கூட்டம் முடியும்போதெல்லாம், “ஏன் சார், நம்ம வீட்டுல இப்ப மணி என்ன இருக்கும்?” என்பார். ஆறாவது மாடியில் அவர்களுக்கு வீடு. எல்லோரும் சிரிப்போம்.

நான்காவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பதிவுத் தபால் வந்தது. வேறொரு கட்டுமான நிறுவனம். பாதியில் நிற்கும் கட்டடத்தை ஏற்று, பதினான்கு மாதத்தில் முடித்துத் தருகிறோம், கூடுதலாக எதுவும் கேட்க மாட்டோம், உறுப்பினர்கள் எல்லோரும் அறுபது நாளுக்குள் சம்மதம் தெரிவித்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். வேலை அட்டவணையும் இணைத்திருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாவது பத்தி முடியும்வரை சந்தோஷம்தான். கடைசிப் பத்தியில், வீடுகளை ஒப்படைத்ததும் தற்போதைய சங்கம் கலைக்கப்பட்டு, பராமரிப்பு நிறுவனத்திடம் விடப்படும் என்று இருந்தது. சரியான ஏற்பாடுதான். நான் அதில் துளை போட்டு, தேதி வரிசைப்படி பைலில் கோத்தேன். மறைத்துவிட்டேன் என்று இப்போது சொல்கிறார்கள். கோத்த காகிதம் எப்படி மறைந்ததாகும் என்று எனக்குப் புரியவில்லை.

“என்ன தபால்?” என்றாள் மனைவி.

“சங்க விஷயம்.”

ஞாயிறு கூட்டத்தில் அதை ஏழாவது பொருளாக வைத்திருந்தேன். ஐந்தாவது பொருள் நடக்கும்போது தையல்காரம்மா எழுந்து வந்தாள். என் பைல்களுக்கென்று நீலத் துணியில் ஒரு பை தைத்திருந்தாள். ‘செயலாளர்’ என்று வெள்ளை நூலில் பின்னியிருந்தாள். “அண்ணே, நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆயிருப்போம்” என்றாள். பைல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பைக்குள் அடுக்கினேன். அதற்குப் பிறகு ஏழாவது பொருளுக்கு நேரம் இல்லை.

அடுத்த ஞாயிறு மழை, பாதிப் பேர் வரவில்லை. முக்கியமான விஷயத்தைப் பாதிப் பேரிடம் சொல்வது முறையில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஹாரன் தன் மகள் பரீட்சையில் தேறியதற்கு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். சந்தோஷமாக இருப்பவர்களிடம் போய் அட்டவணையை நீட்ட முடியுமா. இப்படியே ஐம்பத்தெட்டு நாள் ஆனது. நிறுவனத்தின் இன்ஜினீயர் போன் செய்தார்.

“சார், உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?”

“பேசிட்டிருக்கோம் தம்பி. கொஞ்சம் பயப்படறாங்க.”

அதில் பொய் இல்லை. நானும் ஓர் உறுப்பினர், நான் பயந்துதான் இருந்தேன்.

அறுபதாம் நாள் தீர்மானம் எழுதினேன். ‘விரிவான விவாதத்துக்குப் பின் உறுப்பினர்கள் ஒருமனதாக இந்த யோசனையை ஏற்க மறுக்கிறார்கள்.’ நான் யாருடைய கையெழுத்தையும் போலியாகப் போடவில்லை, இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய ஞாயிறு வருகைக்காக எல்லோரும் தங்கள் கையாலேயே போட்ட கையெழுத்துத் தாளைப் பின்னால் இணைத்தேன். அவ்வளவுதான். ஸ்டாம்ப் வைத்து அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்துத் தையல்காரம்மாவும் வாட்ச்காரரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வாடகை வீட்டை உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடனும் வாடகையும் சேர்ந்து கழுத்தை நெரித்ததில் மூன்று மாத வாடகை பாக்கி.

“அண்ணே, நம்ம வீட்டுலயே போய் இருந்துக்கறோம். சுவர் இருக்கு, மேல கூரை இருக்கு. கதவுக்குப் பதிலா நான் திரை தெச்சு மாட்டிக்கறேன். நீங்க ஒரு அனுமதிக் கடிதம் குடுத்தா வாசல்ல நம்ம சங்கம் போட்டிருக்கற காவலாளி உள்ள விடுவாரு.”

கொடுத்தேன். ஆறு நிபந்தனைகளுடன், ஸ்டாம்ப் வைத்து. அசம்பாவிதங்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல என்பது நான்காவது. ஒரு தடவை போய்ப் பார்த்தும் வந்தேன். பூச்சு இல்லாத சுவர்களுக்கு நடுவே பச்சைத் திரை போட்டு, அந்தம்மா அதை வீடாகவே ஆக்கியிருந்தாள். வாட்ச்காரர் கட்டடம் முழுக்கத் தனக்கே சொந்தம் போலப் பேசினார். “சார், பக்கத்து வீட்டுச் சத்தமே இல்ல. நல்ல அக்கம்பக்கம்.” தண்ணீரை மட்டும் கீழிருந்து தூக்க வேண்டும். படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. சுவரோரமாக நடக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை, எட்டு மணி வெளிச்சத்தில், இரண்டு குடங்களோடு ஏறிய வாட்ச்காரர் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே காலைத் தவறாக வைத்தார். குடங்கள் அவருக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்ததாகக் காவலாளி சொன்னார்.

எல்லா ஏற்பாட்டையும் நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரி, சான்றிதழ், நிருபர்கள். மறுநாள் செய்தித்தாளில் சங்கத்தின் பெயர் முதல் முறையாக வந்தது. ஞாயிறன்று இரங்கல் தீர்மானம் வாசித்தேன். தையல்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “அவரைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க அண்ணே” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன். படிக்கட்டுக் கைப்பிடி, ஆறாவது மாதம் என்று இருந்தது. அவர் விழுந்தது ஒன்பதாவது மாதம். பார்த்துவிட்டுத் திரும்பக் கோத்து வைத்தேன்.

செய்தியைப் படித்த அதே நிறுவனம் இரண்டாவது தடவை எழுதியது. மறுபடியும் யோசியுங்கள், உடனே தொடங்கத் தயார் என்று. இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் இரண்டாவதைக் காட்டினால் முதலாவது எங்கே என்று கேட்பார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு சங்கத்துக்குள் சந்தேகம் நுழைவது நல்லதில்லை. ‘உறுப்பினர் ஒருவரின் மறைவால் ஆழ்ந்த துயரில் இருக்கும் இச்சங்கம்’ என்று தொடங்கி இன்னொரு மறுப்புத் தீர்மானம் எழுதினேன். நடை என்று பார்த்தால் முதலாவதைவிட இது ஒரு படி மேல்.

பிறகு ஒருநாள் மழையில் எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகி, நீலப் பை நனைந்துவிட்டது. நான் மனு கொடுக்கப் போயிருந்தேன். மனைவி காகிதங்களை எல்லாம் எடுத்து, அறைக்குள் கட்டியிருந்த துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது என் இரண்டு சட்டைகளுக்கு நடுவே அந்த இரண்டு கடிதங்களும், பக்கத்திலேயே என் இரண்டு தீர்மானங்களும் தொங்கின. அவள் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்னங்க?”

“சங்க விஷயம்.”

“வீடு என் பேர்லயும்தான இருக்கு. அப்ப நான் சங்கத்துல இல்லையா?”

நியாயமான கேள்வி. நான்கு வருடமாக வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை நான் எழுதவே இல்லை.

ஞாயிறன்று அவள் எனக்கு முன்னால் கிளம்பிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகம் படிக்காதவள். வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, நான்கு காகிதங்களையும், கூட இருந்த அட்டவணையையும் வாசித்தாள். நாற்பது நிமிடம் ஆனது. ஹாரன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தையல்காரம்மா மட்டும் கேட்டாள்.

“அண்ணே, அந்தக் கைப்பிடி எத்தனாவது மாசம்னு போட்டிருந்துச்சு?”

“ஆறாவது” என்றேன். கேட்ட விவரத்தைத் தவறாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் மனைவி இப்போது தையல்காரம்மாவோடுதான் இருக்கிறாள். காஜா எடுக்க உதவுகிறாளாம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கடிதங்களை உறுப்பினர்களுக்குக் காட்டாதவன் நான். நடக்காத விவாதத்தை நடந்ததாக எழுதியவன் நான். கைப்பிடி இல்லாத படிக்கட்டில் அந்த மனிதர் தண்ணீர் சுமந்து ஏறியதற்கு பில்டர் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஸ்டேஷன் மேஜையில் இருக்கும் அவர்களுடைய புகாரை இங்கிருந்தே தலைகீழாகப் படித்துவிட்டேன். பழைய வேலைப் பழக்கம். தேதி இல்லை, பக்க எண் இல்லை, தீர்மானம் என்ற சொல்லில் எழுத்துப் பிழை. ஹாரன் பெயருக்குக் கீழே செயலாளர் என்று போட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கும் சம்மதக் கடிதம் போய், கட்டடத்தில் வேலை தொடங்கிவிட்டதாமே. பொருள் நிரல் இல்லை, விவாதம் இல்லை, ஒரே நாளில் நாற்பத்திரண்டு கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு என் மனைவியே போட்டிருக்கிறாள். இந்த அவசரத்தில் போனால் அந்தச் சங்கம் இன்னும் ஒன்றரை வருடம்கூடத் தாங்காது, மேடம். என்னைப் பற்றி ஒன்றுமில்லை, அவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.