‘வைத்துக்கொள்ளவும்’ என்று எழுதிய சீட்டு

பெயர் வாகிமின். வயது ஐம்பத்து நான்கு. தகப்பனார் பெயர் கர்த்தோ, காலமாகிவிட்டார். முகவரி: மூன்றாம் தெரு, ஏழாம் எண் வீடு, வோனோமெலிக், மத்திய ஜாவா. தொழில்: வீட்டு மின்சாதனங்கள் பழுது பார்ப்பது. தொழில் என்ன என்று அதிகாரி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் இதையே சொன்னேன். மின்விசிறி, சோற்றுக் குக்கர், இஸ்திரிப் பெட்டி இவற்றை மட்டுமே பார்ப்பேன், குளிர்ப்பெட்டி என் தொழிலில் சேராது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதிக்கொண்டார்.

நான் மேற்படி முகவரியில் மனைவி முர்தினியுடன் வசிக்கிறேன். அவள் சிறு பைகளில் ஐஸ் உறையவைத்து விற்பதால் எங்கள் வீட்டில் நிற்கும் ரகத்தில் ஒரு ஃப்ரீசர் உண்டு. பக்கத்து வீட்டில் இருப்பவள் எஸ்தினிங், சுருக்கமாக எஸ்தி, வயது இருபத்தாறு, தையல் தொழிற்சாலையில் வேலை. எனக்கு உறவில்லை, ஆனால் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அவள் கணவன் கலிமந்தானில் தோட்ட வேலையில் இருக்கிறான். அவர்களுக்கு ஐந்து மாத ஆண் குழந்தை, பெயர் பாயு. தொழிற்சாலையில் அவளை எட்டு நாள் பயிற்சிக்கு சுரபாயா போகச் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் வேலை இல்லை. குழந்தைக்குப் பவுடர் பால் ஒத்துக்கொள்ளாது, இரண்டு முறை உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். ஆகவே அவள் இரண்டு மாதமாகத் தன் பாலைச் சிறிது சிறிதாகப் பையில் எடுத்து, தேதி எழுதி, எங்கள் ஃப்ரீசரில் வைத்துவந்தாள். குழந்தை எட்டு நாளும் எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஆறு பை வீதம் நாற்பத்தெட்டு வேண்டும், நாற்பத்தாறுதான் சேர்ந்தது. இரண்டு பை குறைகிறதே என்று வியாழக்கிழமை வரை அவளுக்கு அதுதான் கவலை.

நேற்று வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது காலை எட்டு மணி இருக்கும். மதியம் குர்பானி இறைச்சி வரும், அதற்கு இடம் வேண்டும் என்று மனைவி சொன்னாள். ஃப்ரீசருக்குள் சுவர்களில் ஐஸ்பூ நான்கு விரல் கனத்துக்குப் பூத்துக் கதவு சரியாக மூடாமல் இருந்தது. அதன் பிறகு நான் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். பத்தே நிமிடத்தில் சுலபமாக ஐஸ்பூவை அகற்றுவது எப்படி என்பது அதன் தலைப்பு. அதில் சொன்னபடி மின் இணைப்பைத் துண்டித்தேன். பால் பைகளை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி மூடினேன். கொதிநீர்ப் பாத்திரம் இரண்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு கதவைத் திறந்து மேசை விசிறியை அதன் வாய்க்கு நேராக ஓடவிட்டேன். கீழே பழைய கைலியைப் பரப்பினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி வந்து பார்த்து, “பத்து நிமிஷம்னீங்க. எங்கப்பா கிணறு வெட்டினப்பகூட இவ்வளவு நேரம் ஆகல” என்றாள்.

அதன் பிறகு சமையலறையிலிருந்து வறுவல் கரண்டியை எடுத்து ஐஸைக் குத்தினேன். கூர்மையான எதையும் பயன்படுத்தக் கூடாது என்று அதே வீடியோவில் எட்டாம் நிமிடத்தில் சொல்லப்பட்டிருப்பதாக இன்று அதிகாரி காட்டித் தெரிந்துகொண்டேன். எனக்கு ஆறாம் நிமிடத்தில் டேட்டா தீர்ந்துவிட்டது. மூன்றாவது குத்தில் உள்குழாய் ஓட்டையாகி, உஸ் என்று கேஸ் வெளியேறும் சத்தம் வந்தது. ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, மனைவி போதும் என்று சொல்லும் வரை.

எனக்குத் தெரிந்த கேஸ் நிரப்பும் கடைக்காரர் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு எஸ்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்தாள். “இன்னும் கல்லாத்தான் இருக்கு சித்தப்பா. உருகினா ஒரு நாள்தான் தாங்கும். திரும்ப உறைய வைக்கக் கூடாது” என்றாள்.

அதன் பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் ஃப்ரீசர் உள்ள பதினொரு வீடுகளுக்கும் போனேன். அதற்குள் மணி பன்னிரண்டு தாண்டி இறைச்சிப் பங்கீடு முடிந்திருந்தது. எல்லா வீட்டிலும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். நான்கு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டைத் தவிர எங்கும் இடம் இல்லை. இரண்டாம் எண் வீட்டு சுலம்மி அக்கா ஃப்ரீசர் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். “உன் கண்ணால பாத்துக்க தம்பி. விலா எலும்பு வெளிய வந்து விழுது. நானே நாளைக்கு யார் வீட்ல வைக்கலாம்னு யோசிச்சுட்டு இருக்கேன்” என்றார். ஒரு பையை வெளியே எடுத்துச் சமைத்துவிடலாமே என்று கேட்டேன். “அது ரெண்டு மாசம் கழிச்சு மகன் வரும்போது ஆக்கிப்போட” என்றார்.

ஒன்பதாம் எண் வீட்டில் மட்டும் ஒரு தட்டு காலியாக இருந்தது. அங்கே ரிங்கெம் என்ற பெண்ணுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. அவள் வாசலிலேயே மறித்தாள். “அண்ணே, தப்பா எடுக்காதீங்க. என் மாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எடுத்து என் பொண்ணுக்குக் குடுத்துருச்சுன்னு வைங்க, அதுவும் பாயுவும் ஒரே பால் குடிச்ச அண்ணன் தங்கச்சி ஆயிரும், மார்க்கப்படி கட்டிக்கக் கூடாது. நாளைக்குப் பெரிசாகி ரெண்டும் கட்டிக்கறேன்னு நின்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?” என்றாள். பாயுவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்று சொன்னேன். “பல்லா கல்யாணம் பண்ணுது?” என்றாள். அது மார்க்க விஷயமாக இருந்ததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகு சுமார் இரண்டரை மணிக்குத் தெருவின் பொதுக்கூடத்துக்குப் போனேன். அங்கே மேலே திறக்கும் பெரிய ஃப்ரீசர் உள்ளது. சாவி ஜன்னல் ஆணியில் தொங்கும், அது எல்லோருக்கும் தெரியும். தெருத் தலைவர் பாக் ஹர்ஜோனோவிடம் அனுமதி கேட்டீர்களா என்பதற்கு, அவர் வீட்டுக்கு இருமுறை போனேன், விருந்தினரோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஃப்ரீசரில் பதினான்கு பை இறைச்சி இருந்தது. வருவதாகச் சொல்லி வராத முக்கிய விருந்தினர்களுக்காக எடுத்துவைத்தது. அவர்கள் சென்ற ஆண்டும் வரவில்லை. பதினான்கே பை என்பதால் நிறைய இடம் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை, ஏனென்றால் இதிலும் ஐஸ்பூ. பக்கச் சுவர்களிலிருந்து வளர்ந்து நடுவில் ஒரு வாளி அளவு பள்ளம்தான் மிச்சம். இறைச்சியா பாலா, ஏதாவது ஒன்றுதான் கொள்ளும். கரண்டி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே இறைச்சிப் பைகளை வெளியே எடுத்து என் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நடுவே அடுக்கினேன். பால் பைகளை உள்ளே வைத்தேன். பெட்டியைக் கூடத்தின் மேசைக்கு அடியில் வைத்தேன். பாக் ஹர்ஜோனோ வந்தால் தெரியட்டும் என்று ஒரு சீட்டு எழுதி மூடியில் ஒட்டினேன். ‘நான் கேஸ் கடைக்காரரைத் தேடிப் போகிறேன், திரும்பி வரும் வரை இதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்’ என்று எழுத நினைத்தேன். கையில் இருந்தது கடைச் சீட்டின் பின்பக்கம், இடம் போதவில்லை. ‘வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு வாகிமின்’ என்று மட்டும் எழுதினேன். அதிகாரி என்னிடம் காட்டிய சீட்டு அதுதான். கையெழுத்து என்னுடையது.

பக்கத்து ஊர் வரை போயும் கேஸ் கிடைக்காமல் ஐந்து மணிக்குத் திரும்பினேன். பெட்டியில் ஐஸும் சீட்டும் இருந்தன. இறைச்சி இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. இடமே இல்லை என்று சொன்ன வீடுகளில் இடம் உண்டாயிற்றா என்பதும் எனக்குத் தெரியாது. மாலையில் எல்லா வீட்டிலிருந்தும் இறைச்சியைக் குச்சியில் செருகி சாத்தே வாட்டும் புகை வந்தது. நேற்று எல்லா வீட்டிலும் புகை வரும் நாள்தான். சுலம்மி அக்கா வாசலில் நின்று, “நல்ல மனசு தம்பி உனக்கு” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாக் ஹர்ஜோனோ கூடத்து ஃப்ரீசரைத் திறந்தார். இறைச்சிக்குப் பதில் பால் இருப்பதைப் பார்த்துப் புகார் கொடுத்தார். அதன் பிறகு காவலர்கள் வந்து ஃப்ரீசரின் இணைப்பைப் பிடுங்கி, பால் பைகளை இரண்டு முறை எண்ணி, மூடிக்கு முத்திரைத் தாள் ஒட்டி, சான்றுப்பொருளாக வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். என்னையும் அதே வண்டியில் கொண்டுவந்தார்கள். இந்த நிலையத்தின் வராந்தாவில் ஃப்ரீசர் ஒன்பது மணி முதல் நிற்கிறது. அதன் பின்னால் சுவரில் பிளக் உண்டு. அதில் இப்போது தேநீர்க் கெட்டில் சொருகியிருக்கிறது.

இணைப்புக் கொடுக்கும்படி நான் கேட்டேன். சான்றுப்பொருளின் நிலையை மாற்றக் கூடாது என்று அதிகாரி சொன்னார். அது தானாகவே மாறிக்கொண்டிருக்கிறது என்றேன். தானாக மாறுவது நிலையத்தின் பொறுப்பல்ல என்றார். பால் பைகளை மட்டும் கொடுங்கள் என்றேன். இறைச்சி இருந்த இடத்தில் இருந்ததால் பால்தான் முக்கியச் சான்று என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற இளைய காவலர் தன் வீட்டு ஃப்ரீசரிலும் இடமில்லை என்று நான் கேட்காமலேயே சொன்னார்.

எஸ்தி சுரபாயா போக வேண்டிய பேருந்து இன்று மாலை ஐந்து மணிக்கு. அவள் குழந்தையுடன் வெளியே பெஞ்சில் காலை முதல் இருக்கிறாள். நண்பகலில் என்னிடம் ஜன்னல் வழியாக, “சித்தப்பா, அவங்க என்ன சொன்னாலும் ஒத்துக்கோங்க. சீக்கிரமா ஒத்துக்கோங்க” என்றாள். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஃப்ரீசரை விடுவீர்களா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டால் கோப்புடன் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமைதான் வண்டி என்றார் அதிகாரி. மறுத்தால் விசாரணை முடியும் வரை இங்கேயே இருக்கும் என்றார். இரண்டையும் யோசித்தேன். அதனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நடந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பிற்பகல் மூன்றரை. ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. உள்ளே ஐஸ்பூ பெரிய துண்டுகளாக விழும் சத்தம் இங்கே கேட்கிறது. கரண்டியும் இல்லை, கொதிநீரும் இல்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. மிகச் சுலபமாக நடக்கிறது.

மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை. அந்தப் பிளக்கைச் சொருகுவதற்கு இதற்கு மேலும் ஏதாவது உண்மை தேவைப்பட்டால் அதையும் சொல்லச் சம்மதிக்கிறேன்.

(ஒப்பம்) வாகிமின்
இடது பெருவிரல் ரேகை

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: ரேகை கலங்கியிருப்பதற்கு மை காரணமல்ல. ஒப்பமிடுமுன் மேற்படியார் அனுமதி பெற்று வராந்தாவுக்குச் சென்று, முத்திரைக்குச் சேதமின்றிச் சான்றுப்பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கை ஈரமாக இருந்தது. குளிர்ச்சியாக இல்லை.