கூடிப்போன கிண்ணங்கள்

அண்ணி: ...நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. ம்ஹூம். இன்னொரு தடவை எண்ணு தம்பி.

தம்பி: இது மூணாவது தடவை அண்ணி. நாக்கு வறண்டு போச்சு.

அண்ணி: நாக்கால ஏன் எண்ணுறே? விரலால எண்ணு.

தம்பி: எண்ணியாச்சு. இருநூத்தி நாப்பத்திரெண்டு. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதேதான்.

அண்ணி: இருக்க வேண்டியது இருநூத்தி நாப்பது. ரெண்டு எப்படிக் கூடுச்சு? கண்ணாடிக் கிண்ணம் குட்டி போடுமா?

தம்பி: குறைஞ்சாதானே அண்ணி தப்பு? கூடினா சந்தோஷப்படுங்களேன்.

அண்ணி: ஏன்ப்பா, கமிட்டி தீர்மானத்தை உன் கையால எழுதினது நீதானே? பெரிய சபைச் செயலரு! படி பாப்போம்.

தம்பி: எதுக்கு இப்போ அதெல்லாம்...

அண்ணி: படிடா.

தம்பி: “திருவிருந்துக்கு ஆறு ஞாயிறுகள் மட்டும் கண்ணாடிக் கிண்ணங்களைப் பயன்படுத்திப் பார்ப்பது. ஆறாவது ஞாயிறு எண்ணும்போது இருநூற்று நாற்பது கிண்ணங்களும் பழுதின்றி இருக்க வேண்டும். ஒன்று உடைந்திருந்தாலும் மீண்டும் பிளாஸ்டிக் கிண்ணங்களே.” போதுமா?

அண்ணி: இன்னைக்குத்தான் அந்த ஆறாவது ஞாயிறு. எவ்வளவு நேரம் இருக்கு?

தம்பி: பத்து நிமிஷம். கமிட்டிக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டு இருக்காங்க. குடிச்சதும், பிளாஸ்டிக்கே போதும்னு நிக்கறாரே பல் டாக்டர், அவரே இங்க வந்து எண்ணுவாராம்.

அண்ணி: வரட்டும். அவரைப் பாத்து நான் பயந்துடுவேனா?

தம்பி: நீங்களா? கமிட்டி நடுவுல, மீன் வயித்துல இருந்து எடுத்த பிளாஸ்டிக் கிண்ணத்தை டொக்குனு மேஜை மேல வச்ச ஆளு நீங்க. அந்த மேஜைல இன்னும் வாடை போகல.

அண்ணி: வாடை போகக் கூடாது. நாலு நாள் மூக்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாதான் புத்தி வரும்.

தம்பி: அதைக் கொஞ்சம் கழுவிட்டாவது கொண்டு வந்திருக்கலாம்.

அண்ணி: கழுவினா யாரு நம்புவாங்க? கழுவாமக் கொண்டு வந்தே அவர் நம்பல. “யார் வேணும்னாலும் ஒரு கிண்ணத்தை மீன் வாயில திணிக்கலாம் சிஸ்டர்”னாரு. முப்பது வருஷமா மீன் வெட்டறேன் தம்பி. என்னைப் போய்... ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

தம்பி: அண்ணன் சொன்னாரு. நீங்க சாப்பிடாம இருந்தது அவருக்கு ரெண்டு நாள் சமையல் வேலையாப் போச்சாம்.

அண்ணி: உங்க அண்ணன் வச்ச குழம்பைத் தின்னிருந்தா மூணு நாள் இறங்கியிருக்காது. சிரிக்காதே. அந்த மீனு, பின்னாடி இருக்கே குளம், அதுல பிடிச்சது. நல்ல பெரிய மீனு. ஆனா தலைதான் பெருசு, உடம்பு காஞ்சு கிடந்துச்சு. என்னடா சீக்கோன்னு வயித்தைக் கீறினேன். கத்தியில தட்டுச்சு. எடுத்துப் பாத்தா கிண்ணம். அடியில சின்னதா சிலுவை.

தம்பி: நம்ம சபைக்குன்னு சொல்லிச் செஞ்சு வாங்கினது.

அண்ணி: ஆண்டவர் நமக்காக உயிரைக் கொடுத்தாருன்னு நெனச்சுக் குடிக்கிற கிண்ணம் அது. அது ஒரு உயிரைப் பட்டினி போட்டுக் கொன்னுருக்கு. அதுக்கப்புறம் அன்னைக்கு எனக்குக் கத்தி ஓடல. கடையைச் சாத்திட்டேன்.

தம்பி: ஒரு மீனுக்காகக் கடையைச் சாத்தின மீன்காரி உலகத்துலயே நீங்க ஒருத்திதான்.

அண்ணி: கிண்டலா? வாரத்துக்கு இருநூறு கிண்ணம். ஒரு வாய் குடிச்சு முடிக்க எவ்வளவு நேரம்? அப்புறம் அதைச் சாக்குல கட்டிப் பின்பக்கச் சுவர்கிட்ட போடறோம். நாய் இழுக்குது. மழை பெய்யுது. வாய்க்கால்ல இறங்கிக் குளத்துக்குப் போயிடுது. இதுல நாம உள்ள நின்னு பாடறோம், எல்லாம் அவர் படைச்சதுன்னு. அவருக்குக் கேக்கும்போது எப்படி இருக்கும்?

தம்பி: டாக்டர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு அண்ணி. சுத்தம்...

அண்ணி: கொதிக்கிற தண்ணியில ரெண்டு தடவை கழுவறேன். அவர் கிளினிக்ல கழுவறதை விட நல்லாக் கழுவறேன்.

தம்பி: அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பல்லு பிடுங்கப் போனா ஊசி போட மாட்டாரு.

அண்ணி: “குளம், மரம் எல்லாம் அரசாங்கத்து வேலை சிஸ்டர், நமக்கு ஜெபம்தான் ஊழியம்”னு சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறல. முதல் மனுஷனுக்கு ஆண்டவர் முதல்ல என்ன வேலை கொடுத்தாரு? பிரசங்கமா பண்ணச் சொன்னாரு? தோட்டத்தைப் பாத்துக்கன்னாரு. வீட்டுச் சாவியைக் கையில கொடுத்துட்டுப் போனவன், திரும்பி வந்தா வீடு எப்படி இருக்குன்னு பாக்க மாட்டானா?

தம்பி: சாவின்னதும் என்னை ஏன் முறைக்கறீங்க? பூட்டு ரிப்பேர் என் பிழைப்பு.

அண்ணி: இந்த அலமாரிச் சாவியும் உன்கிட்டதானே இருக்கு. அதான் முறைக்கறேன். அந்த விரல்ல என்ன கட்டு?

தம்பி: அதுவா... ஒரு பழைய பூட்டு. கழட்டும்போது கிழிச்சிடுச்சு.

அண்ணி: பூட்டு கிழிச்சா இப்படியா வெட்டு விழும்? மெல்லிசா, நீளமா? எத்தனை வெட்டு பாத்திருக்கேன் நான். இது கண்ணாடி.

தம்பி: போன ஞாயிறு குப்பைக் கூடையைக் கொட்டினேன் அண்ணி. பேப்பர்ல ஏதோ சுருட்டி வச்சிருந்துச்சு. அமுக்கினேன்... குத்திடுச்சு.

அண்ணி: ஐயோ... அப்ப உனக்குத் தெரியுமா?

தம்பி: பிரிச்சுப் பாத்தா கிண்ணம். துண்டு துண்டா. தொட்டியில கழுவறப்போ போட்டுட்டீங்கன்னு புரிஞ்சுது.

அண்ணி: சோப்புக் கை. வழுக்கிடுச்சு. நாலு வாரமும் ஒண்ணு கூடச் சிராய்க்கல, போன வாரம் பாத்து... உன்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். ஆனா நீ செயலர். சொன்னா நீ எழுதணும். எழுதினா எல்லாம் போச்சு.

தம்பி: அதனாலதான் நானும் கேக்கல. கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நான் எழுத வேண்டியதாப் போயிடும்.

அண்ணி: அடப்பாவி. அப்புறம் என்ன பண்ணினே?

தம்பி: நீங்க என்ன பண்ணினீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க.

அண்ணி: ...வியாழக்கிழமை எனக்கு லீவு. வேதபுத்தகக் கடைக்குப் போனேன். அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். பெருக்கற மாதிரி வந்து, கழுவறதுக்குன்னு நீ கொடுத்து வச்ச சாவியால திறந்து அலமாரியில வச்சுட்டேன்.

தம்பி: அதானா! வெள்ளிக்கிழமை நான் போய் ஒண்ணு கேட்டா கடைக்காரர் சிரிக்கறாரு. “உங்க சபையில என்னங்க, ஒத்தை ஒத்தையா வாங்கறீங்க”ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல.

அண்ணி: நீயும் வாங்கி வச்சியா?

தம்பி: பூட்டுக்கு எண்ணெய் போடற மாதிரி வந்தேன். இன்னைக்கு வந்தது இருநூறு பேர்தான், மிச்சக் கிண்ணம் அலமாரியிலேயே இருந்துச்சு. அதான் இவ்வளவு நேரம் யாருக்கும் தெரியல.

அண்ணி: அப்போ உடைஞ்சது ஒண்ணு. நான் வச்சது ஒண்ணு. நீ வச்சது ஒண்ணு. நாப்பத்தொண்ணு ஆச்சு. இன்னொண்ணு?

தம்பி: போதகர் வச்சிருப்பாரோ?

அண்ணி: அவர் ரெண்டு வாரமா வெளியூர்ல இருந்துட்டு நேத்துதானே வந்தாரு. வேற யார்கிட்ட சாவி இருக்கு?

தம்பி: டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்கு.

அண்ணி: அவரா? கிடைச்சா எடுப்பாரே தவிர, வைக்க மாட்டாரு. விடு. கடையில எண்ணிக் கொடுக்கும்போதே ஒண்ணு கூடக் கொடுத்திருப்பான்.

தம்பி: சரி, இப்போ கேளுங்க. நான் ரெண்டைத் தூக்கிப் பையில போட்டுக்கறேன். மிச்சம் இருநூத்தி நாப்பது. டாக்டர் வருவாரு, எண்ணுவாரு, கையெழுத்துப் போடுவாரு. குளம் பிழைச்சுது.

அண்ணி: வேண்டாம்.

தம்பி: வேண்டாமா? ஆறு வாரம் இடுப்பொடியக் கழுவியிருக்கீங்க!

அண்ணி: வாங்கினப்போ எனக்கும் நீ சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. நல்ல காரியத்துக்குத்தானேன்னு. இன்னைக்குத் திருவிருந்துல கிண்ணம் கையில வந்துச்சு பாரு... வாய்கிட்ட கொண்டு போறேன், முடியல. அப்படியே திருப்பி வச்சுட்டேன்.

தம்பி: ஒரு கிண்ணம் மட்டும் நிரம்பினபடி திரும்பி வந்துச்சே... அது உங்களுதா?

அண்ணி: முப்பது வருஷத்துல இதுதான் முதல் தடவை. அவர் படைச்ச குளத்தை என் பொய்யாலதான் காப்பாத்தணும்னு அவருக்குத் தலையெழுத்தா? உண்மையைச் சொல்லுவேன். தோத்தா தோக்கறேன். திரும்ப ஆரம்பிப்பேன்.

தம்பி: அண்ணி, வர்றாரு... மெதுவாப் பேசுங்க. வாங்க டாக்டர்!

டாக்டர்: என்ன செயலர், எண்ணியாச்சா? நானும் ஒரு தடவை பாத்துடறேன்.

அண்ணி: எண்ண வேண்டாம் டாக்டர். இருநூத்தி நாப்பத்திரெண்டு.

டாக்டர்: எத்தனை?

அண்ணி: நாப்பத்திரெண்டு. போன ஞாயிறு ஒண்ணை உடைச்சுட்டேன். யாருக்கும் சொல்லாம வேற ஒண்ணு வாங்கி வச்சேன். மறைச்சது தப்பு. தீர்மானப்படி நான் தோத்தாச்சு.

தம்பி: நானும் ஒண்ணு வச்சேன் டாக்டர். உடைஞ்சது தெரிஞ்சும் எழுதல. செயலர் வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துக்கங்க.

டாக்டர்: ரெண்டு பேருமா?

அண்ணி: அவனை விடுங்க, அவன் எனக்காகப் பண்ணினது. அடுத்த வாரமே பிளாஸ்டிக் வாங்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தச் சாக்கு மூட்டையை இனிமே நான்தான் சுமப்பேன். ஒரு கிண்ணம் குளத்துக்குப் போக விடமாட்டேன். அடுத்த வருஷம் திரும்ப இதே கமிட்டிக்கு வருவேன். நீங்க முடியாதும்பீங்க. அதுக்கடுத்த வருஷமும் வருவேன். என் கடை இங்கதான் இருக்கு, நான் எங்கயும் போகப் போறதில்ல.

டாக்டர்: உக்காருங்க சிஸ்டர்.

அண்ணி: நின்னே கேக்கறேன். சொல்லுங்க.

டாக்டர்: போன திங்கட்கிழமை நான் இங்க வந்தேன். எண்ணிப் பாத்தேன்.

தம்பி: திங்கட்கிழமையா? அன்னைக்கு...

டாக்டர்: இருநூத்தி முப்பத்தொன்பது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். மறைக்க மாட்டேன். ஜெயிச்சுட்டோம்னு விசிலடிக்காத குறை. அதோட நிக்கல. உங்க மீன் கதையும் பொய்னு காட்டிடலாம்னு, ஒரு வாளியும் வலைக் கம்பும் எடுத்துக்கிட்டுக் குளத்துக்குப் போனேன்.

அண்ணி: நீங்களா? அந்தச் சேத்துலயா?

டாக்டர்: முழங்கால் வரைக்கும். அரிச்சு எடுத்தா ஒண்ணு கூட வராது, அதை வந்து கமிட்டியில சொல்லலாம்னு. கால் மணி நேரம்தான் சிஸ்டர். வாளி நிரம்பிடுச்சு.

தம்பி: எல்லாம்... நம்மளுதா?

டாக்டர்: ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தேன். எல்லாத்துலயும் அடியில சிலுவை. நான் ஆர்டர் கொடுத்தது. சுத்தம் சுத்தம்னு நான் பேசினதெல்லாம் அங்க கிடந்து நாறுது. கரையில உக்காந்துட்டேன். ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா வார்த்தை வரல.

அண்ணி: இதை ஏன் டாக்டர் அன்னைக்கே வந்து சொல்லல?

டாக்டர்: வெக்கம். உங்களைப் பொய்க்காரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னவன் நான். அதை எல்லார் முன்னாடியும்தான் எடுக்கணும். வாளி கார்ல இருக்கு, கழுவாமத்தான் கொண்டு வந்திருக்கேன். அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தவன் நான், வாபஸ் வாங்கறதும் நான். கூட்டத்துல முதல்ல நான் பேசறேன்.

தம்பி: நாங்க கிண்ணம் வச்சதையும் சொல்லிடலாம் டாக்டர். ஆனா அந்த நாப்பத்திரெண்டாவது எங்கேருந்து வந்துச்சுன்னுதான் விளங்கல.

டாக்டர்: செவ்வாய்க்கிழமை நான் வாங்கி வச்சது. சிஸ்டர் தோத்துடக் கூடாதுன்னு.