மாப்பிள்ளை தூக்கிய சிவப்புக் கோல்கள்

நாற்காலி வேண்டாம், தம்பி. முப்பத்தொரு வருடம் டிராக்டரில் உட்கார்ந்தே வேலை பார்த்தவன். நின்றால்தான் முதுகு நேராக இருக்கிறது.

காலி விமானங்களைப் பட்டறைக்கு இழுத்துப்போவது என் வேலை. இறக்கை நுனிக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று டிராக்டரிலிருந்து தெரியாது. அதனால் இரண்டு நுனியிலும் ஓர் ஆள் கூடவே நடந்து வருவார். இடம் போதாவிட்டால், கையிலுள்ள சிவப்புக் கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பார். உடனே நிறுத்த வேண்டும். அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியதே நான்தான். எனக்கு முன்னால் என் அப்பா இதே வேலையில் இருந்தார். எங்கள் இருவர் கையிலும் எந்த விமானத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மாப்பிள்ளையை இங்கே இறக்கை நுனியில் நடக்கும் ஆளாகச் சேர்த்தது என் மகளின் பிடிவாதம். நல்லவர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரே நாளில் என்னை மூன்று தடவை நிறுத்தினார். சாப்பாட்டு அறையில் எரிபொருள் வண்டிக்காரன் கேட்டான்:

"என்ன பெரியவரே, மாப்பிள்ளை கையத் தூக்கினா மாமனார் அப்படியே அடங்கிடுறீங்களாமே? வீட்லயும் அப்படித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவினேன்.

மறுநாள் காலை நெரிசல். ஓடுபாதைக்குப் போக ஐந்து விமானங்கள் வரிசையில் நின்றன. கடைசி விமானத்தின் வாலுக்குப் பின்னால் நான் கடக்க வேண்டும். கண்ணாடியில் மாப்பிள்ளை தெரிந்தார். கோல்கள் குறுக்காக இருந்தன. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பொய் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் எரிபொருள் வண்டியும் அங்கேதான் நின்றது. அவன் பார்க்கிறான் என்று தோன்றியது.

நான் நிறுத்தவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் இறக்கை நுனி அந்த வாலை உரசியது. உள்ளே இருந்தவர்கள் காற்று என்று நினைத்திருப்பார்கள். எரிபொருள்காரன் குனிந்து குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தானாம், பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை மூச்சு வாங்க வந்தார்.

"மாமா, வால்ல பட்டுருச்சு. வாக்கி-டாக்கியக் குடுங்க. அந்த ஃபிளைட்ட நிறுத்தணும்."

"யாரு வண்டின்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் மாமா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

"நாளைக்கு உங்க பிள்ளை இந்தக் குடும்பத்துப் பேரச் சொல்லித்தான் தலைநிமிந்து நடக்கணும், மாப்பிள்ளை."

வாக்கி-டாக்கியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கோல்களைக் குறுக்காகத் தூக்கியபடி அந்த விமானத்தின் பின்னால் ஓடினார். விமானிக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். வரிசை நகர்ந்தது. அவர் ஓடிக்கொண்டே இருந்தார். நான் எங்கள் இறக்கை நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

நூற்றுப் பதினான்கு பேர் என்று சொன்னீர்கள். மாப்பிள்ளை உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தேன். நிறுத்தவில்லை. மறைத்தேன். இதையும் சேர்த்து எழுதுங்கள், தம்பி: அந்த விமானம் விழுந்தது முப்பது கிலோமீட்டர் தள்ளி. இந்தத் தரையில், எங்கள் குடும்பத்தின் கையால், இன்றுவரை ஒரு மோதல்கூடப் பதிவாகவில்லை.