மாடிக் கடைசிச் சுவர்

இருட்டிக்கொண்டு வரும் நேரம்... ஆளரவமில்லாத மண்சாலை... கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அந்தச் சாலையில் வெளிச்சம் தெரிவது ஒரே இடத்தில்தான். என் நண்பனின் சித்தி நடத்தும் விடுதி. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

பழைய கட்டடம். முதலில் வண்டிக்காரர்கள் படுத்துப் போகிற ஓட்டுக் கொட்டகையாக இருந்ததாம். அடுத்து வந்தவர் மரத்தளம் போட்டு மாடி எடுத்தார். அதற்கடுத்தவர் பின்பக்கம் அறைகளை ஒட்டவைத்தார். ஆளுக்கொரு மனம்போல் கட்டியதில், ஒரு படிக்கட்டு இன்னொன்றின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். கணவர் போன பிறகு, சித்தி யார் பேச்சையும் கேட்காமல் அதை வாங்கினார்.

அந்த மழைக்காலத்திலேயே ஆரம்பித்தது. மாடி நடையின் கடைசிச் சுவருக்குள்ளிருந்து... சர்ர்... சர்ர்... கரண்டியால் காரை பூசுகிற சத்தம். கூடவே ஈரச் சுண்ணாம்பு வாடை. தங்க வந்த லாரி ஓட்டுநர் பாயைக்கூடச் சுருட்டாமல் ஓடினார். அப்புறம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சித்தியின் அண்ணன் வந்து, விட்டுத் தொலைத்துவிட்டு என்னோடு வா என்று மன்றாடினார்.

சித்தி கொடிக்கயிற்றை அவிழ்த்து நடையின் நீளத்துக்கு அளந்தார். அதே கயிற்றை வெளியே, கூரையோரமாகப் பிடித்துப் பார்த்தார். போதவில்லை. சுவருக்கு அப்பால் ஓர் அறையளவு இடம்...

"நான் வாங்குன வீட்டுல நான் நுழையாத அறைன்னு ஒண்ணு இருக்கக் கூடாது," என்றார். கடப்பாரையை அவரே எடுத்தார்.

ஆள் நுழையுமளவு உடைந்ததும் அண்ணன் டார்ச் அடித்தார். கதவில்லை. ஜன்னலில்லை. காலி அறை. ஆனால் அந்தச் சுவர்... நடைப்பக்கம் பூச்சே இல்லாத கரடுமுரடு. உள்பக்கம் வழவழவென்ற பூச்சு. யாரோ உள்ளே நின்றபடி கட்டி மூடிய சுவர். எலும்பா? ஒரு துண்டு இல்லை.

அண்ணன் படியிறங்கிப் போய்விட்டார். சித்தி அந்த அறைக்குள்ளேயே பாய் விரித்தார்.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. இருக்கணும்னா இரு. என்னைத் துரத்தலாம்னு மட்டும் நெனைக்காத."

விளக்கை அணைத்தார். அசந்து தூங்கியும் போனார்.

விடிந்து பார்த்தால், உடைத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதுச் சுவர். ஈரம் காயவில்லை. சித்தி ஒரே உதை... சரிந்தது.

இப்போது விடுதியில் ஆட்கள் நிம்மதியாகத் தங்குகிறார்கள். சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. சித்தி இன்றும் அந்த அறையில்தான் படுக்கிறார். எழுந்ததும் முதல் வேலை, சுவரை உதைத்துச் சாய்ப்பது. பிறகு கிணற்றடிக்குப் போய்... தன் நகக்கண்களில் அப்பியிருக்கும் ஈரச் சுண்ணாம்பைக் கழுவுவது.