ஒன்பதா, அஞ்சா?

கணக்கெடுப்பவர்: சார், காலம் முன்னாடிதானே போகும்? உங்க வீட்ல மட்டும் எப்படி பின்னாடி போகுது?

கணவர்: நான் என்னம்மா பண்ணேன்? வேலை போய் எத்தனை மாசம்னு கேட்டீங்க. அஞ்சுன்னேன்.

கணக்கெடுப்பவர்: மூணு மாசம் முன்னாடி இதே வேலைக் கணக்கெடுப்புக்கு வந்து, இதே நாற்காலியில உக்காந்து இதே கேள்வியைக் கேட்டேன். ஆறு மாசம்னு பதிவாகியிருக்கு. இப்ப ஒன்பது வரணும். அஞ்சுன்னு போட்டா டேப்லெட் சிவப்பாயிடுது... அடுத்த கேள்விக்கே விடமாட்டேங்குது.

கணவர்: அப்ப டேப்லெட்டையே கேட்டுக்கோங்க.

கணக்கெடுப்பவர்: கோவிச்சுக்காதீங்க சார். நடுவுல எங்கயாவது வேலை செஞ்சீங்களா? கூலிக்கு ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலும் வேலைதான். அதுலேருந்து புதுசா எண்ணணும்.

கணவர்: மாடி வீட்டு ஃபேனைக் கழட்டி மாட்டினேன்.

கணக்கெடுப்பவர்: ஏதாவது கொடுத்தாங்களா?

கணவர்: நன்றி சொன்னாங்க.

கணக்கெடுப்பவர்: ம்... அது கணக்குல வராது.

கணவர்: ஏம்மா, இருபது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையாவது மாடியில லிஃப்ட் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும், நான் எப்போ நின்னேன்னு தெரியாதா?

மனைவி: என்னங்க... அவங்க ஒன்பதுன்னே போட்டுக்கட்டுமே. வெயில்ல வந்திருக்காங்க.

கணவர்: நீ அடுப்பைப் பாரு. உள்ளேயிருந்து... சரி, நீயே வந்து சொல்லு. ஆள் குறைக்கறாங்க, என்னையும் நிறுத்திட்டாங்கன்னு அஞ்சு மாசம் முன்னாடி இந்த ரூம்ல வெச்சு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?

மனைவி: சொன்னீங்க.

கணவர்: அவ்வளவுதான். போன தடவை இவங்க வந்தப்போ நான் வீட்லயே இல்லை. ஆறுன்னு இவங்ககிட்ட யார் சொன்னது?

கணக்கெடுப்பவர்: அக்கா, நீங்கதானே சொன்னீங்க? ஆள் இல்லைன்னு மத்தவங்களைக் கேட்டா இதான் தொல்லை. தப்பா சொல்லிட்டீங்களா?

மனைவி: தப்பா சொல்லலை.

கணவர்: அப்ப நான்தான் பொய் சொல்றேனா?

மனைவி: ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டுப் போனீங்க. கொடுக்கலாம்னு கம்பெனிக்கு வந்தேன். உங்களை நிறுத்தி ஒரு வாரமாச்சேன்னு வாட்ச்மேன் சொன்னார்.

கணவர்: ...அது எப்போ?

மனைவி: நீங்க என்கிட்ட சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாடி.

கணக்கெடுப்பவர்: நான்... வேணா இன்னொரு நாள் வரேன்.

கணவர்: உக்காரும்மா. ஒன்பதுன்னு போட்டுக்கோ. அதான் சரி.

கணக்கெடுப்பவர்: போட்டுட்டேன் சார்.

கணவர்: நாலு மாசம்... தினம் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டுப் போய் பார்க்ல உக்காந்திருந்தேன். தெரிஞ்சும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினியே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

மனைவி: கேக்கணும்னுதான் வாசல் வரைக்கும் வருவேன். நீங்க ஷேவ் பண்ணி, தலையை வாரி, "போயிட்டு வரேன்"னு சிரிச்சுக்கிட்டே கிளம்புவீங்க. நான் கேட்டுட்டா அதெல்லாம் நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு. கடைசியில நீங்களே சொன்னீங்க... அன்னிலேருந்து நின்னுதான் போச்சு.